கல்லுக்குக் காய்ச்சல் இல்லை

மோர்ன் கல்பாஸ்,
2020 மே 19, செவ்வாய்.

பெருமதிப்பிற்குரிய சுகாதாரத் துறைச் செயலாளர் டாக்டர் ஆன்செல்ம் பாட்ரிஸ் அவர்களின் மேலான பார்வைக்கு,

அன்புள்ள ஆன்செல்ம்,

மேலே உள்ள வரி உன் மேசைக்கு. இந்த வரியிலிருந்து உனக்கு. கடிதத்தின் முதல் பத்தியில் நலம் விசாரிக்க வேண்டும், கோபத்தை இரண்டாம் பத்திக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே கேட்கிறேன்: நீ நலமா, உன் மனைவி நலமா, பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தும் ஒருவரை ஒருவர் கடிக்காமல் இருக்கிறார்களா? நான் நலம். என் இடுப்பு நலமில்லை. அதற்குக் காரணம் நீ. முதல் பத்தி முடிந்தது.

உன் மாமா சிப்ரியன் க்வாஷி காலமாகி வரும் ஜூலையோடு ஆறு வருடம் ஆகிறது. கல்லறையில் கல் நாட்டும்வரை நம் தீவில் ஒருவருடைய சாவு முடிவதில்லை என்பதை, பெரிய தீவுக்குப் போய்ப் படித்து அங்கேயே தங்கிவிட்ட நீ மறந்திருக்கலாம். அவர் மறக்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு நான் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், வந்துவிடுவார். உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாள்கூட மதியச் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வராத மனிதர், இப்போது ஒன்றரை மணிக்கு டாண் என்று வந்து, படகுக் கேப்டன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு புகார் சொல்வார். "யூலாலி, ஆடு வந்து என் மேலயே படுத்துத் தூங்குது. புழுக்கை வேற. எனக்கு எப்போ கல்லு?" அவர் சொல்வதிலும் தவறில்லை. சோளமும் துவரையும் அறுத்து முடித்ததும் ஊரில் எல்லோரும் ஆடுகளை அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். ஜூனில் மழை விழுந்து மறுபடி விதைக்கும்வரை அவை நினைத்த இடத்தில் மேயும். கல் இல்லாத மேடுதான் அவற்றுக்கு மெத்தை. "டிரினிடாட்ல செதுக்கக் கொடுத்திருக்கேன், வரும்" என்பேன். "ஆறு வருஷமாவா? என்ன, மலையையா செதுக்குறான்?" என்பார். கல்லின் நிறத்தை நான் மூன்று முறை மாற்றியது உண்மைதான். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல், பிறகு வெள்ளை, பிறகு மறுபடியும் கறுப்பு. முப்பத்திரண்டு வருடம் இந்தத் தீவின் தபால் நிலையத்தை நடத்தியவள் நான். ஒரு காரியத்தைச் செய்தால் சரியாகச் செய்ய வேண்டும்.

ஒருவழியாகக் கல் மார்ச் 28, சனிக்கிழமை, கடைசிச் சரக்குப் படகில் வந்து சேர்ந்தது. கொத்தனார் ஹெஸ்கெத்தும் இன்னும் மூன்று பேரும் அதைத் துறையிலிருந்து தூக்கி வந்து, முறைப்படி, கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் கிடத்தினார்கள். புதிய வெள்ளை விரிப்பைக் கழுத்து இருக்க வேண்டிய இடம்வரை நானே போர்த்திவிட்டேன். பக்கத்தில் முக்காலியில் அவருக்கு ஒரு தட்டுச் சோறு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சிறு கோப்பை ரம். ஒரே ஒரு இரவு அப்படிப் படுத்திருந்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் கல்லறைக்குப் புறப்பட வேண்டும், கூட வந்தவர்கள் திரும்பி வந்து என் முற்றத்தில் சாப்பிட வேண்டும். எண்பது பேருக்குச் சொல்லியிருந்தேன். அப்படியென்றால் நூற்றிருபது பேர் வருவார்கள். இரண்டு பெரிய வாளிகளில் துவரை ஊறிக்கொண்டிருந்தது. களி கிண்டச் சோளமாவு மூன்று மூட்டை. கொல்லையில் புளிப்பு ஆரஞ்சு மரத்தில் ஒரு வெள்ளாட்டுக் கிடா, ஞாயிறு விடியலில் அறுப்பதற்காகக் கட்டிக் கிடந்தது. ஹெஸ்கெத் ஒரு வாய் ரம் குடித்துப் புறங்கையால் உதட்டைத் துடைத்தான். மணி ஆறு. ரேடியோவில் உன் குரல்.

இந்த நிமிடம் முதல் மறு அறிவிப்பு வரும்வரை யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றாய். ஆன்செல்ம், எனக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா? தட்டம்மை வந்து நீ மூன்று வாரம் என் வீட்டில் கிடந்தபோது உன் முதுகில் மருந்து தடவியவள் நான். அந்த முதுகுக்குச் சொந்தக்காரன், "அத்தை, இன்னிக்குக் கல்ல எடுக்காதீங்க" என்று தொலைபேசியில் ஒரு வரி சொன்னால் அரசாங்கம் கவிழ்ந்துவிடுமா? "மிஸ் யூலாலி, மன்னிச்சிடுங்க, போலீஸ் வண்டி கிளம்பிடுச்சாம்" என்று ஹெஸ்கெத் ஓடினான். மற்ற மூவரும் மன்னிப்புக் கேட்காமலேயே அவனுக்கு முன்னால் ஓடிவிட்டார்கள். நானும் கல்லும் துவரையும் கிடாவும் மிஞ்சினோம்.

கட்டிலில் கிடத்திய கல்லைக் கல்லறைக்கு அன்றி வேறெங்கும் நகர்த்தக் கூடாது. நகர்த்துவதற்கு நான்கு ஆண்கள் வேண்டும். நீ ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே இன்றோடு ஐம்பத்திரண்டு இரவுகள் நான் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் தூங்கியிருக்கிறேன். "உன் பக்கம் காலியாத்தானே இருக்கு, படுத்துக்கயேன்" என்று பக்கத்து வீட்டுத் தெக்லா வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள். கல் நாட்டும்வரை அவர் இந்த வீட்டுக்கு விருந்தாளி, விருந்தாளியோடு படுக்கிற பெண் நானில்லை என்று சொன்னேன். அவள் அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தாள். அவரும் மதியக் கனவில் வந்து, "இப்போ ஆடு பரவாயில்ல. கட்டிலுக்கு வந்து சேர்ந்துட்டேன், நீ எங்கே போய் உட்கார்ந்திருக்கே?" என்று அதற்கும் ஒரு புகார் வைக்கிறார். ஊறிய துவரையைக் கொட்ட மனம் வரவில்லை. துவரைச் சோறு, துவரைக் குழம்பு, துவரை வடித்த நீர், புனித வெள்ளியன்று துவரை, உயிர்த்த ஞாயிறன்றும் துவரை. பாதியைக் கொம்பில் மாட்டித் தெக்லாவின் வேலிக்கு மேல் நீட்டினேன். அவள் அதைக் கூழாகக் காய்ச்சி அதே கொம்பில் எனக்கே திருப்பி அனுப்பினாள்.

கிடாவைப் பற்றி எழுதாமல் இருக்க நினைத்தேன், முடியவில்லை. ஒரே ஒரு நாள் தீனிக்கு வந்த பிராணி அது. இன்றுவரை என் முட்டைக்கோஸ் பாத்தி, செம்பருத்திச் செடி, கோயிலுக்குப் போடும் தொப்பியில் இடது பக்கத்துப் பூ, எல்லாம் தின்றாகிவிட்டது. 'வீட்டிலேயே இருப்போம்' என்று நீ அச்சடித்து அனுப்பிய தாளை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, வேலியைத் தாண்டி ஊர் சுற்றப் போனது. மாலை ஆறு மணிக்கு நான் ரேடியோவைப் போட்டதும் திரும்பி வந்து தாழ்வாரத்தில் நின்று, நீ பேசி முடிக்கும்வரை அசையாமல் கேட்கும். இந்தத் தீவில் உன் உரையை முழுவதும் கேட்கிற ஒரே பிரஜை அதுதான். "தாடியைப் பாரு, நடையைப் பாரு, அப்படியே பிஷப்புடி" என்றாள் தெக்லா. அறுக்கப்போகிற ஆட்டுக்குப் பெயர் வைக்காதே என்று கண்டித்தேன். "நீ கூப்பிடாதே. நான் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, "பிஷப்! ஏய் பிஷப்!" என்று நாள் முழுக்கக் கத்துகிறாள். பங்குச்சாமியின் வீடு இரண்டு வீடு தள்ளித்தான்.

இதுவரை எழுதியதை நான் பொறுத்துக்கொண்டேன். இனி எழுதப்போவதைப் பொறுக்க மாட்டேன்.

மே 7, வியாழக்கிழமை, கார்ப்பரல் டெலெஸ்ஃபோர்ட் என்று ஒரு ஆள் என் வாசலுக்கு வந்தான். தலைநகரத்துக்காரன்; நீங்கள்தான் மார்ச்சில் இங்கே அனுப்பினீர்கள். யாரோ ஒருவர் பக்கத்துத் தீவிலிருந்து மீன்பிடிப் படகில் திருட்டுத்தனமாக வந்து இறங்கிவிட்டாராம், அதனால் வீடு வீடாகத் தலை எண்ணுகிறானாம். "அம்மா, வீட்டுல எத்தனை பேர்?" என்றான். "ஒருத்தி. நான்தான்" என்றேன். அவன் அப்படியே பக்கவாட்டில் நடந்து படுக்கையறைச் சன்னலின் பலகைகளுக்கு இடையே கண்ணை வைத்தான்.

"அப்போ கட்டில்ல யாரு?"

"பெண்பிள்ளை வீட்டுச் சன்னல்ல எட்டிப் பார்க்கச் சொல்லித்தான் உங்க பயிற்சியா? அது என் வீட்டுக்காரர்."

வேறென்ன சொல்வேன்? கிடத்தி, போர்த்தி, சோறு வைத்த பின் அதைக் கல் என்று சொல்வது அவரை அவமதிப்பது. நம் தீவில் பால்குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும்.

"இப்பத்தானே ஒருத்தின்னு சொன்னீங்க?"

"இங்கே குடியிருக்கிறது நான் ஒருத்திதான். அவர் ஒரு ராத்திரி தங்க வந்தவர். உங்க அரசாங்கம்தான் போகவிடல."

"எங்கேருந்து வந்தார்?"

"டிரினிடாட்."

"எதுல வந்தார்?"

"படகுலதான். பறந்தா வருவார்? நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க."

முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கொஞ்ச முகமும் வெளுத்துவிட்டது. அவர் வயதைக் கேட்டான், செப்டம்பர் வந்தால் எழுபத்தெட்டு என்றேன். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சன்னல் வழியாக மிகவும் பணிவான குரலில், "சார்! ஐயா! கேக்குதா? இருமல் இருக்கா? கையையாவது கொஞ்சம் அசைங்க சார்" என்றான். ஆன்செல்ம், நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தலைநகரத்தில் பிறந்தவனாக இருந்தாலும் நம் வழக்கத்தை மதித்து அவரிடம் நாலு வார்த்தை பேசுகிறானே, எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். என் கண் கலங்கிவிட்டது. நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து அவன் இரண்டடி பின்னால் போனான்.

மறுநாள் காலை என் வாயிற்கதவில் சிவப்புத் தாள். 'தனிமைப்படுத்தப்பட்ட இல்லம். நபர்கள் இருவர். ஒருவர் எழுந்திருக்க இயலாத நிலை.' பதினான்கு நாள் நான் வாசற்படி தாண்டக்கூடாது. அன்று மாலையே இரண்டு பேருக்கு உணவுப் பொட்டலம் வந்தது: அரிசி, உப்பு மீன், பால்மாவு, சோப்பு, அவருக்கென்று ஒரு சவரக் கத்தி. எனக்குச் சேராததை நான் தொடுவதில்லை. அவருடைய பங்கு மீனை அவர் தட்டில் வைத்தேன், கிடா தின்றது. சவரக் கத்தி முக்காலியில் இருக்கிறது.

திங்களன்று நர்ஸ் கோர்டெலியா வந்தாள். உனக்குத் தெரியும், உன்னோடு ஆரம்பப் பள்ளியில் படித்தவள், நம் ஊர்ப் பெண். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கையில் நீளமான பரிசோதனைக் குச்சி. சன்னல் வழியாகப் பார்த்தாள். என் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போகும்வரை சிரித்தாள். "மிஸ் யூலாலி, இவருக்கு மூக்கு எந்தப் பக்கம்? நான் குச்சியை எங்கே விடறது?" நான் சிரிக்கவில்லை. சிவப்புத் தாளைக் கிழிக்கச் சொன்னேன். கிழிக்க முடியாதாம். "கணக்கு தலைநகரத்துக்குப் போயிடுச்சு. பரிசோதனை முடிவு இல்லாம எடுக்க எனக்கும் அதிகாரம் இல்ல, கார்ப்பரலுக்கும் இல்ல. மேலேருந்து கையெழுத்து வரணும்." முடிவு வர வேண்டுமானால் மூக்கு வேண்டும். மூக்கு இல்லையென்றால் பதினான்கு நாளும் முடியாது, மாத முப்பதும் முடியாது, அவர் இந்த வீட்டைவிட்டுப் போகவே முடியாது.

அன்று ஆறு மணிக்கு நீ ரேடியோவில் வந்தாய். தெளிவாகச் சொன்னாய்: எங்கள் தீவில் சந்தேகத்துக்குரிய நோயாளி ஒருவர், எழுபத்தேழு வயது ஆண், டிரினிடாட்டிலிருந்து படகில் வந்தவர், நிலைமை கவலைக்கிடம், ஆகவே தீவுக்கு மறுபடி விடுவதாக இருந்த பயணிகள் படகு மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆன்செல்ம், அது உன் மாமா. அவர் அடக்கத்தில் பெட்டியின் இடது பக்கத்தைத் தூக்கியவன் நீ. தெக்லா வேலியைப் பிடித்துக்கொண்டு, "யூலாலி! உன் புருஷன் பொழைச்சு வந்து நோயும் வாங்கிட்டானாமே! ஒரு படகையே நிறுத்திட்டானே, கேப்டன்னா கேப்டன்தான்!" என்றாள். கிடாகூட என்னை ஒரு மாதிரி பார்த்தது.

உன் அலுவலகத்துக்கு ஏழு முறை தொலைபேசினேன். காய்ச்சல் என்றால் ஒன்றை அழுத்தவும், இருமல் என்றால் இரண்டை அழுத்தவும் என்று ஒரு பெண் சொல்கிறாள். கல் என்றால் எதை அழுத்துவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் வீட்டு எண்ணை மாற்றியபோது உன் மனைவி எனக்குத் தெரிவிக்கவில்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. உன் மாமா நோயாளி அல்ல என்று அதே ஆறு மணிக்கு, அதே ரேடியோவில், கேப்டன் சிப்ரியன் க்வாஷி என்று முழுப் பெயர் சொல்லி அறிவி. ஹெஸ்கெத்தும் மூன்று பேரும் பங்குச்சாமியும் நானும் ஒரே ஒரு மணி நேரம் கல்லறைக்குப் போய்வர அனுமதிச் சீட்டு அனுப்பு. கசாப்புக்காரனுக்கும் ஒன்று, ஏனென்றால் அந்தக் கிடா இன்னும் ஒரு வாரம் இருந்தால் என் கூரையைத் தின்றுவிடும். கார்ப்பரல் டெலெஸ்ஃபோர்ட்டைக் கலங்கரை விளக்கம் மட்டுமே உள்ள ஏதாவது ஒரு பாறைக்கு மாற்று. அங்கே எட்டிப் பார்க்கச் சன்னல் இருக்காது. எல்லாம் இந்த மாதத்துக்குள் நடக்க வேண்டும். ஜூனில் மழை விழுந்தால் மேடு இளகிவிடும், ஹெஸ்கெத் அடுத்த ஜனவரிவரை கல் வைக்க மாட்டான். எனக்கு எழுபத்தாறு வயது. அடுத்த ஜனவரி எனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நானும் போய்விட்டால் அவருக்குக் கல் வைக்க இந்தத் தீவில் யாருமில்லை. நீ வைக்க மாட்டாய். நீ ஏதாவது அலுவலகக் கூட்டத்தில் இருப்பாய்.

ரேடியோவில் உன் குரல் கரகரக்கிறது. இஞ்சியும் பட்டையும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடி. நீ தொடும் கதவுப்பிடி ஒவ்வொன்றும் சுத்தமாக இருக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிடச் சீக்கிரம் கடிதம் எழுதப் பழகட்டும், ஆண்டவர் உன்னைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், நீ கையெழுத்துப் போட்ட பிறகு.

உன் அத்தை,
யூலாலி க்வாஷி
(தபால் நிலைய அதிகாரி, ஓய்வு)

பி.கு. மே 26, செவ்வாய். தபாலையும் ஏற்றிப் போகிற மருந்துப் படகின் இயந்திரம் பழுதாகிப் போன வாரம் வரவில்லை. கடிதம் என்னிடமே இருந்தது. மேலே கேட்டிருப்பதில் எதையும் செய்யாதே.

சனிக்கிழமை காலை கார்ப்பரல் டெலெஸ்ஃபோர்ட் வந்தான். கோர்டெலியா விஷயத்தைச் சொன்னதிலிருந்து என் வாசலைத் தவிர்த்துச் சுற்று வழியில் வண்டி ஓட்டியவன், அன்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றான். "அம்மா, நான் அவரைப் பார்க்கலாமா?" என்றான். விரிப்பை விலக்கிக் காட்டினேன். கல்லில் எழுதியிருந்ததை எல்லாம் ஒரு வரி விடாமல் படித்தான். "ஏப்ரல்ல எங்க அம்மா போயிட்டாங்க" என்றான். "அடக்கத்துக்குப் பத்துப் பேர்தான்னாங்க. அதுல என் பேரு இருந்துச்சு. படகுதான் இல்ல." பிறகு கையெழுத்து எதற்கும் காத்திராமல் ஹெஸ்கெத்தையும் இன்னும் இரண்டு பேரையும் போய் அழைத்து வந்தான். ஆறடி தள்ளி நின்று கல் தூக்க முடியாது என்பதை அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டு, நாலாவது மூலையை அவனே பிடித்தான். உன் மாமா போலீஸ் ஜீப்பில் போனார். வரி கட்டாத ரம் எத்தனை பீப்பாய் இறக்கியும் வாழ்நாள் முழுக்க அந்த வண்டியில் ஏறாமல் தப்பித்தவர். எல்லோரும் அவரவர் வாசலில் நின்று பாடினார்கள். மேட்டு வீடுகளில் பாட்டு முடிகிற நேரத்தில் பள்ளத்து வீடுகளில் அப்போதுதான் தொடங்கினார்கள். இவ்வளவு மோசமாக அந்தப் பாட்டை நான் கேட்டதில்லை. வீட்டில் இருங்கள் என்று தினமும் கத்தும் ஒலிபெருக்கியில் பங்குச்சாமி ஆசீர்வாதம் சொன்னார். சோளக்களியும் கோழியும் சமைத்து வாசல் வாசலாக அனுப்பினேன். கார்ப்பரல் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். அவனை எந்தப் பாறைக்கும் மாற்றாதே. அவன் அம்மாவுக்குக் கல் வைக்க வேண்டும், நான் டிரினிடாட்டுக்கு எழுதியிருக்கிறேன். கோழி ஏன் என்று நீ கேட்பாய். பிஷப் நலம். அதைப் பற்றி மேலும் கேட்காதே.

கல் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. நாலு மூலையும் மட்டம் பார்த்தேன். ஆடு ஏறினால் வழுக்கும். ஞாயிறு மதியம் கட்டிலில் என் பக்கத்தில் படுத்தேன், அவர் வரவில்லை. நேற்றும் வரவில்லை. இன்று ஒன்றரை முதல் மூன்றுவரை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கல் கிடைத்துவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்று முறை நிறம் மாற்றினேன். இருந்தாலும் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாற்பத்தொரு வருடம், அதே மனிதர்.

ஆறு மணி ஆகப்போகிறது. பிஷப் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. ரேடியோவைப் போடப்போகிறேன். கொஞ்சம் உரக்கப் பேசு.